சாலையை விட்டுத் தடத்துக்கு: சிறிய வண்டியில் தொடங்கும் பந்தயம்

(இளையோரும் வேகமும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிள்ளானில் ஒரு தாமான் வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சனிக்கிழமை இரவு மணி 12. அந்த வீட்டுத் தாய் இன்னும் படுக்கவில்லை. மகனுக்கு 19 வயது. தொழிற்சாலையில் வேலை. ஆறு மாதத்துக்கு முன்புதான் தவணையில் 250 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்திருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக வாயைத் திறக்கிறான். "அம்மா, எனக்கு ரேஸ் ஓட்டணும்னு ஆசை." அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கிறார். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காதுடா." அப்பா தொலைக்காட்சியிலிருந்து பார்வையைத் திருப்பாமலே சொல்கிறார்: "உருப்படற வழியைப் பாரு."

பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஆசை முடிவதில்லை. அது வீட்டை விட்டு வெளியே போய், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வேறு பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறது. இந்த வீடு கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே அந்தத் தாயின் அச்சம் நியாயமானதே. கேள்வி வேறொன்று. வேகத்தின் மீது ஆசை வந்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது? அடக்கி வைப்பதா, அல்லது அந்த ஆசைக்கு ஒழுங்கான இடத்தைக் காட்டுவதா?

ஒரே சொல், இரண்டு பொருள்

நம் வீடுகளில் "ரேஸ்" என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது மாட் ரெம்பிட் கும்பல்தான். வண்டியின் மீது குப்புறப் படுத்துக்கொண்டு பறப்பது, சிவப்பு விளக்கை மதிக்காமல் பாய்வது, பந்தயம் கட்டிப் பணம் வைப்பது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி, ஆபத்தான முறையில் வண்டியோட்டியது நிரூபணமானால் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். உரிமமும் பறிபோகும்.

தடத்தில் நடக்கும் பந்தயம் இதற்கு நேர்மாறானது. அங்கே எதிரே லாரி வராது. குழி இருக்காது. நாய் குறுக்கே ஓடாது. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். விழுந்தால் மோதுவதற்கு விளக்குக் கம்பமோ இரும்புத் தடுப்போ பக்கத்தில் இல்லாதபடி, சறுக்கி நிற்பதற்கு ஜல்லிப் படுகையும் திறந்த வெளியும் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு மார்ஷல் நிற்பார். மருத்துவ வண்டி தயாராக இருக்கும். விழுந்தவன் பெரும்பாலான சமயங்களில் எழுந்து நடந்து வருகிறான். நெடுஞ்சாலையில் அதே வேகத்தில் விழுந்தவன் எழுந்து நடப்பது அரிது.

நம் நாட்டில் பாதை இருக்கிறது

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் விளையாட்டு, பணக்காரர்களின் விளையாட்டு" என்று சிலர் சொல்வார்கள். மலேசியாவில் நிலைமை அப்படி இல்லை. கப்சாய் என்று நாம் அழைக்கும் சாதாரணச் சின்ன வண்டிகளுக்கென்றே 1994இல் கப் பிரிக்ஸ் போட்டி தொடங்கப்பட்டது. மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் அதே வகை வண்டிதான். சிறிய பட்டணங்களுக்கே பந்தயம் தேடி வந்தது. அங்கிருந்து பல பிள்ளைகள் மேலே போனார்கள்.

1999இல் சிப்பாங் அனைத்துலகப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். அதே தடத்தில் 2012இல் சுல்ஃபாமி கைருடின் மோட்டோ3 பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அதே நாள், மழையில் நடந்த மோட்டோ2 பந்தயத்தில் ஹஃபிஸ் ஷாரின் நான்காவதாக வந்தார். 2018இல் அவரே மோட்டோ ஜிபி எனும் உச்சப் பிரிவில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார்.

பேராக் மாநிலத்தின் கம்போங் காஜாவைச் சேர்ந்த கைருல் இடாம் பாவியின் கதை இன்னும் வியப்பானது. 2016 ஏப்ரலில் அர்ஜெண்டினாவில், தம் இரண்டாவது மோட்டோ3 பந்தயத்திலேயே, ஈரத் தடத்தில், 26 வினாடிக்கும் மேலான இடைவெளியில் அவர் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றை வென்ற முதல் மலேசியர் அவரே. அதே ஆண்டு ஜெர்மனியிலும் ஈரத் தடத்திலேயே மீண்டும் வென்றார். ஈரத்தில் வெல்வது முரட்டுத்தனத்தால் ஆகாது. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் பூப்போலத் தொடத் தெரிந்தவனால்தான் ஆகும். இந்த உரையின் மையக் கருத்தும் அதுவே. பந்தயம் என்பது முரட்டுத்தனம் அல்ல, கற்றுக்கொள்ளும் கைத்தொழில்.

"நம் சமூகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு" என்று கேட்போர், மலேசிய இந்தியரான கரம்ஜிட் சிங் 2002இல் புரோட்டோன் காரில் உலக ராலி உற்பத்திக் கார் பிரிவில் வெற்றியாளர் ஆனதை நினைத்துப் பார்க்கலாம். தமிழகத்திலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சிறிய வண்டிகளைக் கொண்டே நெடுங்காலமாகப் புதியவர்களைப் பழக்கி வருகிறார்கள்.

ஏன் சிறிய வண்டி?

தொடங்க விரும்பும் இளைஞன் முதலில் கேட்பது, "எந்த வண்டி வேகமானது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி அது அல்ல. "எந்த வண்டியில் சீக்கிரம் கற்றுக்கொள்ள முடியும்?" என்று கேட்க வேண்டும்.

யமஹா ஆர்25, கவாசாக்கி நிஞ்சா 250 போன்ற வண்டிகளின் எஞ்சின் 249 சிசி. ஆர்25இன் சக்தி ஏறக்குறைய 36 குதிரைத் திறன். ஆயிரம் சிசி வண்டியில் அது 200ஐத் தொடுகிறது. 36 போதுமா என்று கேட்கலாம். தொடங்குபவனுக்கு அது போதும், மிச்சமும் உண்டு. நீண்ட நேர்பாதையில் இந்தச் சிறிய வண்டியே மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டிவிடும். அந்த வேகத்தில் ஒரு வினாடி தயங்கினால் வண்டி 44 மீட்டர் போய்விடும்.

பெரிய வண்டி, ஓட்டுபவனின் குற்றத்தை மறைத்துவிடும். வளைவில் தேவையில்லாமல் மெதுவாகப் போனாலும், வெளியே வந்தவுடன் முறுக்கினால் இழந்த வேகம் திரும்பிவிடும். தான் நன்றாக ஓட்டுவதாக அவன் நினைத்துக்கொள்வான். சிறிய வண்டியில் அப்படி ஏமாற்ற முடியாது. தவறான இடத்தில் பிரேக் பிடித்து இழந்த வேகத்தைத் திரும்பப் பெற அடுத்த நேர்பாதை முழுவதும் தேவைப்படும். கடிகாரம் உண்மையைச் சொல்லிவிடும். அதனால்தான் ஆசிய சாலைப் பந்தயப் போட்டியிலும் 2015 முதல் 250 சிசி உற்பத்தி வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. எடை குறைவு. டயர் மெதுவாகத் தேயும். பாகங்கள் விலை குறைவு. விழுந்தால் சேதமும் ஒப்பளவில் குறைவு. நம் நாட்டில் 16 வயதில் பெறக்கூடிய பி2 உரிமத்தில் 250 சிசி வரை ஓட்டலாம் என்பதால், அந்த வண்டியின் இயல்பும் இளைஞனுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலைக்குப் போகும் வண்டியை, அதுவும் தவணை முடியாத வண்டியை, பந்தயத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. வழக்கமான வாகனக் காப்புறுதி, பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. ஒரு வளைவில் விழுந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி இருக்காது, வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் இருக்கும். பந்தயத்துக்கெனப் பழைய வண்டி ஒன்றைத் தனியாக வாங்குவதே அறிவுடைமை. ஏற்கெனவே பந்தயத்துக்குத் தயார்செய்யப்பட்ட வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல், முன் ஃபோர்க் நேராக இருக்கிறதா, சட்டகத்தில் விரிசலோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் உடல், பிறகு வண்டி

கையிலிருக்கும் பணத்தில் பாதி ஓட்டுபவனின் உடலைக் காக்கும் பொருள்களுக்குப் போக வேண்டும். பல இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புகைபோக்கிக்கு ஆயிரம் வெள்ளி செலவழித்துவிட்டு, பழைய தலைக்கவசத்தோடு வந்து நிற்கிறார்கள்.

முழு முகத்தையும் மூடும் தலைக்கவசம் வேண்டும். அதன் கழுத்துப் பட்டை இரட்டை வளையத்தில் கோத்துக் கட்டும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், உள்ளே நசுங்கிப்போயிருக்கும். அதை மீண்டும் அணியக்கூடாது. அடுத்து, மேலும் கீழும் இணைந்த தோல் உடை. ஜீன்ஸ் துணி தார்ச்சாலையில் உரசினால் கண்மூடித் திறப்பதற்குள் கிழிந்துவிடும். தடித்த தோல்தான் தாங்கும். முதுகெலும்புக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் காலணி ஆகியவையும் கட்டாயம்.

நம் வெயிலில் அந்தத் தோல் உடை அடுப்பு போலக் கொதிக்கும். வியர்வையில் நீர் வற்றினால் கவனம் சிதறும். ஆகவே தாகம் எடுக்கும்முன்னே தண்ணீர் குடிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

வண்டியைத் தயார் செய்தல்

கழற்ற வேண்டியவை முதலில்: பக்கக் கண்ணாடி, எண் பலகை, பக்கத் தாங்கி. விளக்குகளைக் கழற்ற முடியாவிட்டால் நன்றாக ஒட்டுநாடா சுற்ற வேண்டும். ஒருவர் விழும்போது சிதறும் கண்ணாடித் துண்டு அடுத்து வருபவரின் டயரைக் கிழித்துவிடும்.

அடுத்தது எண்ணெயும் நீரும். எண்ணெய் வடிக்கும் திருகும் எண்ணெய் வடிகட்டியும் அதிர்வில் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் கட்டிவைப்பார்கள். எஞ்சின் குளிர்விக்கும் கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஏனென்றால் கூலன்ட் தடத்தில் சிந்தினால் சோப்பு நீர் போல வழுக்கும், துடைத்தாலும் எளிதில் போகாது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பந்தய மூடியும், எண்ணெய் ஒழுகினால் தடத்தில் விழாமல் தேக்கிக்கொள்ளும்படி அமைந்திருக்க வேண்டும். ஒருவனின் அலட்சியம் பின்னால் வரும் பத்துப் பேரை வீழ்த்தும் என்பதால்தான் இத்தனை விதி.

பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூட்டில் கொதித்துவிடும். அப்போது பிரேக் பிடியை அழுத்தினால் பிடிப்பே இருக்காது. பிரேக் பேட் புதிதாக இருக்கட்டும். செயின் இறுக்கம், சக்கர அச்சு, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தொடங்குபவனுக்கு வழவழப்பான பந்தய டயர் வேண்டியதில்லை. அது சூடேறினால்தான் பிடிக்கும். வேகமாக ஓட்டத் தெரியாதவனால் அதைச் சூடேற்றவும் முடியாது. தரமான விளையாட்டு ரகச் சாலை டயரே அவனுக்குப் பாதுகாப்பு.

எஞ்சினைத் தொடவே கூடாது என்பது அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரை. முதல் ஆண்டில் மாற்ற வேண்டியது வண்டியின் வேகத்தை அல்ல, ஓட்டுபவனின் பழக்கத்தை.

ஒரு வளைவில் இருக்கும் பாடம்

பந்தயம் நேர்பாதையில் வெல்லப்படுவதில்லை, வளைவில்தான் வெல்லப்படுகிறது. சிப்பாங்கின் கடைசி வளைவை எடுத்துக்கொள்வோம். நீண்ட நேர்பாதையில் முழு வேகத்தில் வந்து, இடப்பக்கம் கொண்டை ஊசி போலத் திரும்ப வேண்டும்.

முதலாவது, பிரேக். வேகம் இரட்டிப்பானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் பழகிய கண்ணுக்கு 100இன் தூரம் தெரியாது. அதனால் தொடங்குபவன், தேவைக்கு முன்னதாகவே பிரேக் பிடிக்கும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிடித்துப் பழக வேண்டும். பிரேக்கைத் திடீரென்று பறிக்கக்கூடாது. முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாக. வண்டியின் எடை முன் டயருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த டயர் தரையைக் கெட்டியாகப் பிடிக்கும்.

இரண்டாவது, பார்வை. கண் போகும் இடத்துக்கே வண்டி போகும். தடத்தின் ஓரத்தைப் பார்த்துப் பயந்தால் ஓரத்துக்கே போய்விடும். வளைவுக்குள் நுழையும் முன்பே தலையைத் திருப்பி, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, திருப்பம். இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடக் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் வேகமாகப் போகும் இருசக்கர வண்டி அப்படித்தான் சாய்கிறது. சாலையில் பல ஆண்டு ஓட்டியவர்கள்கூட இதை அறியாமலே செய்துவருகிறார்கள். தெரிந்து செய்பவனுக்கு, திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் விலகத் தெரியும். இந்த ஒரு பாடமே சாலையில் உயிரைக் காக்கும்.

நான்காவது, டயரின் பிடிப்பைப் பங்கிடுவது. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு தட்டுச் சோறு மாதிரி. அதைப் பிரேக்கும் சாய்வும் ஆக்சிலேட்டரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முழுதாகச் சாய்ந்திருக்கும்போது பிரேக்கையும் பறித்தால் தட்டில் சோறு போதாது, வண்டி விழும். சாய்வு குறையக் குறையத்தான் ஆக்சிலேட்டரைத் திறக்கலாம்.

இந்த நான்கையும் சேர்த்து, ஒரே மாதிரி, பத்துச் சுற்று ஓட்ட முடிந்தால் அவன் பந்தயக்காரனாகத் தொடங்கிவிட்டான் என்று பொருள். ஒரு சுற்று மின்னலாகவும் மறு சுற்று தடுமாற்றமாகவும் ஓட்டுபவன் இன்னும் தொடங்கவில்லை.

முதல் நாள் தடத்தில்

நேராகப் போட்டிக்குப் போகக்கூடாது. முதல் படி, ஒருநாள் பார்வையாளராகப் போவது. இன்னும் நல்ல வழி, தொண்டூழிய மார்ஷலாகச் சேர்வது. செலவு மிகக் குறைவு. வளைவின் ஓரத்தில் நின்று, யார் ஏன் விழுகிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டாம் படி, கார்ட் தடம் போன்ற சிறிய தடங்களில் பயிற்சி வகுப்பு. அங்கே வேகம் குறைவு, வளைவு அதிகம். மூன்றாம் படிதான் பெரிய தடத்தின் பயிற்சி நாள். அங்கே ஓட்டுநர்களைத் திறமைக்கேற்பப் பிரித்து அனுப்புவார்கள். தயங்காமல் ஆக மெதுவான குழுவில் பெயர் கொடுக்க வேண்டும். அங்கே சேர்வதில் அவமானம் எதுவும் இல்லை.

கொடிகளை மனப்பாடம் செய்யாமல் தடத்துக்குள் போகக்கூடாது. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். மஞ்சளும் சிவப்பும் கோடு கோடாக இருந்தால் தடம் வழுக்குகிறது. கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் இருந்து, கூடவே வண்டியின் எண்ணையும் காட்டினால், அந்த வண்டியில் கோளாறு, உடனே ஒதுங்க வேண்டும்.

களைத்துப்போன கடைசி ஓட்டத்தில்தான் பலர் விழுகிறார்கள். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று தோன்றும் கணத்தில் நிறுத்திவிடுவது நல்லது. சிப்பாங்கில் பிற்பகல் மழை திடீரென்று வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இவையெல்லாம் பழகிய பிறகுதான் போட்டி உரிமம். அதற்கு மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தை அணுக வேண்டும். வயது குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தும் தேவை. முதல் போட்டியில் வெற்றியைக் குறிவைக்க வேண்டாம். புறப்பட்டு முதல் வளைவுக்குள் இருபது முப்பது வண்டிகள் ஒன்றாக நுழையும். அங்கே ஓர் இடத்துக்காக அவசரப்படுபவன் எல்லாவற்றையும் இழப்பான். முதல் பந்தயத்தின் ஒரே இலக்கு, கொடி அசையும்போது இரண்டு சக்கரத்தில் நிற்பது.

மறைக்கக்கூடாத உண்மைகள்

இது மலிவான பொழுதுபோக்கு அல்ல. வண்டி வாங்கும் செலவு ஒருமுறைதான். டயர், பெட்ரோல், எண்ணெய், நுழைவுக் கட்டணம், வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாடகையையும் கருவிகளையும் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம். ஒருமுறை விழுந்தால் ஆகும் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தடத்துக்குப் போகக்கூடாது. கடன் வாங்கிப் பந்தயம் ஓட்டுபவன், வண்டி உடைந்துவிடுமே என்ற பயத்தோடு ஓட்டுவான். பயம்தான் விழவைக்கும். பிழைப்புக்கான தொழிலாகவும் இதை எண்ணிவிடக்கூடாது. மேலே போகிறவர்கள் மிகச் சிலரே.

ஆபத்தும் முற்றாக நீங்குவதில்லை. 2011 அக்டோபரில் சிப்பாங்கில் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லி உயிரிழந்ததை உலகமே பார்த்தது. 2023 ஆகஸ்டில் சென்னைத் தடத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தின்போது விழுந்து உயிரிழந்தான். கைருல் இடாம் பாவியும் 2019இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் விழுந்து, கைவிரலில் கடுமையாகக் காயமடைந்து, பல பந்தயங்களை இழந்தார். தடம் ஆபத்தைக் குறைக்கிறது, அழிப்பதில்லை. இதைப் பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் முடிவெடுக்கக்கூடாது. குறிப்பாக, ஒருவர் கண்முன்னே மற்றொருவர் விழும் நெருக்கமான பந்தயத்தில் சிறுவர்களை எந்த வயதில் இறக்குவது என்பதைப் பெரியவர்கள் பெருமைக்காக முடிவுசெய்யக்கூடாது.

தனிநபர் விபத்துக் காப்புறுதி வைத்திருப்போர், பந்தயத்தில் ஏற்படும் காயத்துக்கு அது செல்லுமா என்று எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல திட்டங்களில் செல்லாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மீண்டும் அந்தக் கிள்ளான் வீட்டுக்கே போவோம். "நடக்காது" என்ற ஒரே சொல்லுக்குப் பதிலாக அந்தத் தகப்பனார் வேறு விதமாகச் சொல்லியிருந்தால்? "சரிடா, முதல்ல ரோட்டுல பறக்கிறதை நிறுத்து. மூணு மாசம் சம்மன் எதுவும் வராம ஓட்டிக் காட்டு. அப்புறம் நானே உன்கூட சிப்பாங்குக்கு வர்றேன்."

மகன் அன்றிரவே திருந்திவிடுவான் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஆசைக்கு ஒரு நிபந்தனை வந்துவிட்டது, ஒரு வாசலும் வந்துவிட்டது. தடத்தில் ஒருநாள் ஓட்டிய இளைஞர்களில் பலர் சாலையில் மெதுவாக ஓட்டத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 160இல் நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை உடலால் உணர்ந்தவனுக்கு, சாலையில் அந்தத் தூரம் எங்கேயும் இல்லை என்பது விளங்கிவிடுகிறது. தன்னைவிட வேகமானவர்கள் எத்தனை பேர் என்பதைக் கடிகாரத்தில் பார்த்தவனுக்கு, சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டியோடு போட்டிபோடுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

வேகத்தை விரும்புவது குற்றமல்ல. அதை எங்கே, எப்படி, யாரிடம் கற்றுக்கொள்வது என்பதில்தான் வாழ்வும் சாவும் இருக்கிறது. சிறிய வண்டி, முழுக் கவசம், மூடிய தடம், பொறுமையான ஆசிரியர். இந்த நான்கும் அமைந்த பிறகு பந்தயத்தைப் பற்றிப் பேசலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருக்கலாம். காத்திருக்கத் தெரிவதும் பந்தயக்காரனுக்கு வேண்டிய தகுதிதான்.